நூற்றுப் பத்து

மருத்துவர் ஜெர்மனில் சொன்னார்.
முழங்காலுக்கு அது முன்னரே விளங்கியிருந்தது:
இறக்கத்தில் இனி இரண்டு கால் காணாது.

தூன் நகரில், பாலத்தடியில் ஆறு இரையும் தெருவில்
ஒரு கடை. சுவர் முழுக்கக் கோல்கள்.
என் மொழியில் இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர் அதிகம்:
எழுதுகோல், அளவுகோல், துலாக்கோல்.
அரசனிடம் ஒன்று, அவன் கெட்டுப்போனால் வேறொன்று.
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இரவு வேலை முடித்து
மலைக்குப் போகிறவளுக்கென்று
ஒன்றும் இல்லை.
ஊன்றுகோல் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஐம்பத்திரண்டுதான் ஆகிறது.

முழங்கையை மடியுங்கள் என்றாள் ஃப்ளுரீனா.
மடித்தேன். காலித் தட்டு ஏந்தினவள்போல் நின்றேன்.
சதுரத்தின் மூலை மாதிரி வேண்டுமாம்.
கோலில் ஒரு குட்டி நெம்புகோல்
(கோலுக்கே ஒரு கோல்!),
திறந்தாள், இழுத்தாள், மூடினாள்.
நூற்றுப் பத்து.
எந்தப் பத்திரத்திலும் எழுதாத என் அளவு.

கார்பன் இறகு மாதிரி. விலை அப்படியில்லை.
"அது வளையாது. ஒரு நாள் சொல்லாமல் முறியும்.
அலுமினியம் வளைந்து காட்டும்."
அறுபத்தொன்பது பிராங்குக்கு
வளைந்து காட்டுவதை வாங்கினேன்.

வாருக்குள் கையைக் கீழிருந்து மேலே விடு.
பிடியை நெரிக்காதே, பாரம் வாரில் தொங்கட்டும்.
ஏற்றத்தில் குறை, இறக்கத்தில் கூட்டு.
கடைசியாய் நெம்புகோல்:
ஒரு விரலால் மூட முடிந்தால் அது மூடவில்லை.
இதை இரண்டு தரம் சொன்னாள்.
இரண்டு தரம் தலையாட்டினேன்.

நீடர்ஹோர்ன் உச்சிக்குக் கம்பிப்பெட்டியில் போவது,
நடை இறக்கத்துக்கு மட்டும். அதுதான் ஒப்பந்தம்.
நகுலேஸ் என் கைகளைப் பார்த்தார்.
"ஆடி மாதத்தில் பனிச்சறுக்கோ?"
அவர் கையில் வாழைப்பழப் பை.

மஞ்சள் பலகை: பெயாட்டன்பெர்க், ஒரு மணி ஐம்பது நிமிடம்.
யாருடைய முழங்காலால் அளந்தார்களோ.

வலது கால், இடது கோல்.
இடது கால், இடது கோல். பிழை.
மீண்டும் பிழை. தாளம் தெரியாதவள் தோளில்
மத்தளத்தை மாட்டிவிட்ட மாதிரி.
எப்போது எண்ணுவதை விட்டேன் தெரியாது,
கை தன்பாட்டில் முன்னே போய்க்கொண்டிருந்தது.
கல்லில் டிக். புல்லில் சத்தமே இல்லை.
மணி கட்டிய மாடொன்று நிமிர்ந்து பார்த்தது,
என் கால்களை எண்ணியிருக்கவேண்டும்,
நாலு சரி என்று மேயத் திரும்பியது.

காட்டுக்குள் வேரெல்லாம் ஈரம்.
பின்னால் பேச்சு நின்றுபோனது.
திரும்பினேன். ஒரு வேரில் ஒரு கால்,
மற்றதை எங்கே வைப்பதென்று
மரங்களுக்கிடையே தெரிந்த ஏரியை
விசாரித்துக்கொண்டு நின்றார்.
கேட்கவில்லை. கேட்கமாட்டார்.
இருபத்தாறு வருடத்தில் உப்புக்கூடக் கேட்டதில்லை,
உப்பு இருக்கும் பக்கம் பார்ப்பார்.

நீட்டினேன். பிடி அவர் பக்கம்.
சேறும் கூரும் என் பக்கம்.
பிடித்தார், சாய்ந்தார், பாரம் வந்தது.
நெம்புகோல் வழுகியது. கோல் தனக்குள்ளேயே
அரைமுழம் போய் ஒளிந்தது.
வாழைப்பழத்தின்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு விரலால்தான் மூடியிருந்தேன்.

"ஆடி மாதத்தில்," என்றேன்.
அவர் சிரித்த சிரிப்புக்கு
ஒரு காகம் கிளை மாறியது.
பிறகு, சொல்லாமல், மற்றக் கோலையும்
என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.
எடுத்ததைப் பறித்தேன்.
ஒன்று போதும் உமக்கு.

வீட்டில் குளியல்தொட்டியில் சேறு கழுவும்போது பார்க்கிறேன்:
ஒன்று நூற்றுப் பத்தில்.
மற்றது நூற்றிருபத்தைந்தில்,
இரண்டு கைக்கும் அசையாத இறுக்கத்தில்.

துணி சுற்றி, பல்லைக் கடித்து
என் அளவுக்குக் கொண்டுவந்தேன்.
சனிக்கிழமை கடை நாலு மணிவரை.
அவரும் ஒருக்கால்
முழங்கையை மடித்து நிற்கட்டும்.