நாற்பத்தோராவது வாய்

பிப்ரவரி. தார்த்து நகரில்
ஆறு உறைந்து ஆறு வாரம்.
மூன்றாம் மாடியில் விளக்கைத் தாழ்த்திப்
பிறர் வாய்க்குள் குனிந்திருப்பது என் வேலை.

எண்பத்திரண்டு வாய்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு கோப்பு,
உதட்டை இரு கொக்கிகளால் விலக்கி எடுத்த
ஐந்து புகைப்படங்கள்.
அவற்றில் யாரும் தன்னைப்போல் இல்லை;
எல்லோரும் குதிரையைப்போல் இருக்கிறார்கள்.

கேள்வி எளியதுதான்.
கம்பி கட்டிய பல்லில்
ஒட்டிய உலோகச் சதுரத்தைச் சுற்றி
எனாமல் வெளுத்துப்போகிறதே,
சுண்ணாம்பு விரல் பட்டதுபோல்,
அதை ஒரு மூடி மருந்துநீர் தடுக்குமா?

பாதிப்பேருக்கு ஃப்ளோரைடு.
பாதிப்பேருக்குப் புதினா வாசம் போட்ட தண்ணீர்.
ஒரே நிறம், ஒரே புட்டி.
யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போட்டது,
ஆர்வோவின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது.
எனக்கும் தெரியக்கூடாது.
தெரிந்தால் என் கண் பொய் சொல்லும்.

ஃப்ளோரைடு பற்பசை எல்லோருக்கும் தந்தோம்.
நெறிமுறைக் குழுவுக்கு எழுதிய வரி இது.
இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நாற்பத்தொன்று, உக்கு. வயது பதின்மூன்று.
வால்காவிலிருந்து தனியாக ரயிலில் வருவான்.
நீல ரப்பர் என்பான், ஒவ்வொரு முறையும்,
வேறெதையும் எடுத்துக் காட்டாதே என்கிற குரலில்.
குறிப்பேட்டில் ஒரு நாள் விடவில்லை:
காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு.
நாய் செத்த அன்றும் இரண்டு கோடு,
பக்கத்தில் 'நாய்' என்று மட்டும்.

ஐம்பத்தாறு, லீலோ.
புட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு
மூன்று மாதக் கோடுகளைப்
பேருந்தில் வரும்போதே போட்டு முடித்தவள்.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
குண்டும் குழியுமான சாலைக்கு மட்டும் ஒரு நடுக்கம்.
கேட்டால் சிரிப்பாள். கம்பி மின்னும்.

பதினெட்டு மாதம்.
இடுக்கியால் ஒவ்வொரு சதுரமாகப் பெயர்த்தேன்,
பசை சுரண்டினேன்,
காற்றடித்து உலர்த்தி எண்ணினேன்.
லீலோவுக்கு ஒன்று.
உக்குவுக்கு ஒன்பது.

மே மாதம், பனி விட்ட ஆற்றில்
முதல் படகு போன காலையில்
பெட்டியைத் திறந்தோம்.
ஆர்வோ கணக்கின் கடைசி வரியை வாசித்தார்:
சுழியம் புள்ளி சுழியம் ஆறு.
ஐந்துக்குக் கீழே வந்திருந்தால் கொண்டாட்டம்.
ஆறு பல்லிளித்தது.
தேநீர் போடப் போனார்.

நான் விரலை வைத்துத் தேடியது வேறு வரி.
ஐம்பத்தாறு: மருந்து.
நாற்பத்தொன்று: தண்ணீர்.

ஆயிரத்துத் தொண்ணூற்றுச் சொச்சம் முறை
ஒரு சிறுவன் கண்ணாடி முன் நின்று
புதினாத் தண்ணீரைப் பல்லிடுக்கில் ஓட்டி
முப்பதுவரை மனதுக்குள் எண்ணித்
துப்பியிருக்கிறான்.

எல்லோருக்கும் கடிதம் போயிற்று.
அவன் நேரில் வந்தான்.
புள்ளிகள் மேல் பூச்சு தடவினேன்,
கொஞ்சம் மங்கும், முழுக்கப் போகாது என்றேன்.
"அப்போ என்னுடையது தண்ணீரா?"
"தண்ணீர்."
"புதினா?"
"அது நிஜம்."

தண்ணீர் இல்லாமல் மருந்தை அளக்க முடியாது,
நீங்கள்தான் எங்கள் தராசின் மறுதட்டு...
குழு அனுமதித்த வாக்கியத்தை எடுத்தேன்.
உண்மைதான் அது, ஒரு சொல்லும் பொய்யில்லை.
பாதியில் விட்டேன்.

"தண்ணீர்க்காரர்கள் மொத்தம் எத்தனை பேர்?"
"நாற்பத்தொன்று."
"என் நம்பர்!" என்றான்,
வாய்விட்டுச் சிரித்தான்.
கொக்கியில்லாமல் அந்த வாயை
அன்றுதான் பார்க்கிறேன்.
பழக்கதோஷம், எண்ணத் தொடங்கி
நாலில் தவறவிட்டேன்.

போகும்போது அலமாரியைக் காட்டி,
மிச்சமிருந்தால் ஒரு புட்டி வேண்டும் என்றான்.
எதற்கு என்று கேட்கவில்லை.
கொடுத்தேன்.
படிவத்தில் கையெழுத்து வாங்கவில்லை.