ஆறாம் நம்பர் இல்லாத பை

பையில் ஏழு மட்டைகள்.
ஒரு கட்டை. பிறகு
நான்கு, ஐந்து, ஏழு, எட்டு என்று இரும்புகள்,
ஒரு வெட்ஜ், ஒரு பட்டர்.
ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போன டென்மார்க் எஞ்சினியர்
விட்டுப்போனது.
ஆறை எங்கே தொலைத்தாரோ.

ஆடி ஒன்பது. முப்பந்தலில் ஷிப்ட் முடிகிற நேரம்.
இந்தக் காற்றில் தோவாளைப் பூவாசம் வரும் என்பார்கள்
வெளியூர்க்காரர்கள்.
வருவது மண்.
பல்லில், காதில், டிபன் பாக்ஸ் மூடியின் திருகில்.

இருபத்துமூன்றாம் காற்றாலையின் காலடியிலிருந்து
வறண்ட குளத்தின் கரைக்கு
மேற்கே பார்த்து நூற்றிருபது கெஜம்.
கரைக்கு இப்பால் ஒரு ரெசின் வாளி, வாய் நம்மைப் பார்க்க.
காற்றில்லாத நாளில் எட்டு போதும்.
ஆடியில் அப்படி ஒரு நாள் கிடையாது.

கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டேன்.
"ஜெனிட்டா, இருபத்துமூணுல என்ன காட்டுது?"
"பதினாலு புள்ளி ரெண்டு சார்.
ஆனா இது எண்பது மீட்டர் உசரத்துக் காத்து.
உங்க பந்து எந்த உசரத்துல போவும்?"

மட்டை எது என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.
நான் போனை வைத்துவிட்டு
ஏழை உருவினேன்.

பெர்க்மான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.
கடியபட்டணத்துக்காரன்,
கயிற்றில் தொங்கி இறக்கைக்குப் பூச்சு போடுகிறவன்.
"ஓய், பலத்தக் காட்டாதேயும்.
ஓங்கி அடிச்சா பந்து சுத்தும், சுத்துனா ஏறும்,
ஏறுனா அது காத்துக்க சொத்து."

ஓங்கித்தான் அடித்தேன்.
ஏறியது. உச்சியில் நின்றது,
தேதி தள்ளிப்போன சம்பளம் மாதிரி.
பிறகு முதுகு காட்டி இறங்கி
பாதி வழியில் வெள்ளாடுகளுக்கு நடுவே விழுந்தது.
ஓர் ஆடு முகர்ந்து பார்த்து வேண்டாம் என்றது.

உயரத்துக் காற்றுக்கு எனக்குச் சம்பளம்.
அது குறைந்தால் திட்டு.
சாயங்காலத்தில் அதே காற்றுக்குத் தெரியாமல்
ஒரு பந்தைக் கடத்திக்கொண்டு போகப் பார்க்கிறேன்.

ஆறு இருந்தால் ஆறு.
இல்லாததால் ஐந்து.
பிடியில் ஓர் அங்குலம் கீழே இறங்கி,
பந்தை வலக்கால் பக்கம் தள்ளி வைத்து,
உடல் கனம் இடக்காலில்,
கைகள் பந்துக்கு முன்னே.
இடுப்புக்கு மேல் தூக்கக் கூடாது.
அடித்த பிறகும் கை ஓடக் கூடாது:
நாக்குவரை வந்த வசையை விழுங்குகிறாற்போல்
அங்கேயே நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் சரிபார்க்க எனக்கு மூன்று நிமிடம் ஆனது.

அடி அருமை. இன்றும் சொல்வேன்.
முழங்கால் உயரம், தன் நிழலைவிட்டுப் பிரியாமல்
போனது பந்து.
வாளியைத் தாண்டியது.
கரையில் ஒரு குதி.
அப்பால் உடைமரப் புதர்.

போன் அடித்தது.
"சார், திடீர்னு விழுந்துட்டு. ஏழு புள்ளி ஒண்ணு."
அண்ணாந்து பார்த்தேன். இறக்கைகளை எண்ண முடிந்தது.

பெர்க்மான்ஸ் சிரிக்கவில்லை, அதுதான் கோபம்.
பையைக் கிளறினான்.
அவன் எடுக்கும்போதே மறுபடி மண் பறந்தது,
ஆடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.
அவன் கையில் நான்கு.

"நாலா?"
"ஆறு இல்லல்லா."

அடித்தான் என்று சொல்ல முடியாது.
படகைக் கரையிலிருந்து தள்ளிவிடுவதுபோல் ஒரு தள்ளு.
பந்து பறந்தது கொஞ்சம், ஓடியது மிச்சம்,
ஒரு சரளைக்கல்லில் பட்டுத் திசை மாறி
வாளியில் டங்.

கல்லுக்கு அதில் பாதிப் பங்கு என்று நான் வாதாடினேன்.
"கல்லும் தரையிலதானே கெடக்கு" என்றான்.

ஆரல்வாய்மொழி வந்து ரசவடை, இரண்டு பிளேட்.
காசு என்னுடையது.
கடைக்குள்ளும் காற்று புகுந்து
வெட்டிவைத்த பேப்பரையெல்லாம் கிளப்பியது.
தட்டின் மேல் கவிழ்ந்து,
தோளால் மறைத்து,
தலையைத் தூக்காமல் சாப்பிட்டோம்.