பூஜ்யம் மில்லிமீட்டர்

குளச்சலில் மூன்றாவது நாள்.
ஐஸ் உடைக்கும் எந்திரம் ஓடினால் பிழை 0.9,
நிறுத்தினால் 0.8.
அதிர்வின் தலையில் பழியைப் போட முடியாது.

மீன் நகரும் பெல்ட்டுக்கு மேலே
ஆழக் கேமராவைத் தொங்கவிட்டிருக்கிறோம்.
அதற்குள் சிலிக்கனில் குடைந்த கண்ணாடி ஒன்று,
அரிசிக் குருணை அளவு,
தலைமுடியில் பாதிக் கனமுள்ள இரண்டு கீலில் நின்று
நொடிக்குப் பல்லாயிரம் தடவை தலையாட்டுகிறது.
எங்கோ ஓர் ஆலையில் வாயு அரிக்க அரிக்க
போக வேண்டியது போய்
நிற்க வேண்டியது மட்டும் நின்றிருக்கிறது.
அதை நான் சந்தேகப்படவில்லை.
சந்தேகம் முழுக்க என்மேல்.

கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டிய பலகையை
சாய்த்துப் பிடி, திருப்பு, கிட்டே வா, இன்னும் கிட்டே
என்று நாற்பது தடவை பிடிக்கவைத்தேன்.
நாற்பத்தொன்றில் பெர்க்மான்ஸ்
கை கடுக்குது என்று கீழே வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.
ஐம்பத்து நான்கு மூலை. ஒன்றுகூடத் தப்பவில்லை.
பிழை மட்டும் இறங்கமாட்டேன் என்றது.

சாய்த்து வைத்த பலகைமேல்
சும்மாதான் இரும்பு அடிகோலை வைத்தேன்.
கோலுக்கு அடியில் வெளிச்சம்.
கச்சான் காற்றின் ஈரத்தைக் குடித்து
நடுவில் அரை மில்லிமீட்டர் குழிந்திருந்தது ஒட்டுப்பலகை.
இது தட்டை, இது தட்டை என்று
மூன்று நாளாய் அதனிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.
அது என்னை நம்பி
தன் கண்ணை வளைத்துக்கொண்டது.

வடசேரியில் பத்து மில்லிமீட்டர் கண்ணாடி வாங்கி
மடியில் வைத்துப் பேருந்தில் திரும்பினேன்.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

0.14.

பெர்க்மான்ஸ் விசிலடித்தான்.
ஏலக்காரர் ததேயு எட்டிப் பார்க்க வந்தார்.
பெல்ட்டில் கிடந்த கிளாத்தி திரையில் மஞ்சள் மேடு,
அவருடைய வயிறு அதைவிடப் பெரிய மேடு.
சிரித்தோம்.
கேமராவைக் கழற்றி வாசலுக்குத் திருப்பினேன்.
மணல், வள்ளம், காயப்போட்ட வலை எல்லாம் நிறம் நிறமாய்.
அதற்கப்பால் கறுப்பு.
"இதென்னவாக்கும் பிள்ளே, கடலு எங்க?"
சுட்டியை வைத்துக் காட்டினேன்:
பூஜ்யம் மில்லிமீட்டர்.
ஒளி போய்த் தண்ணியில பட்டுத் திரும்பணும்,
போனது வரலேன்னா பூஜ்யம்னு போட்டிரும் என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை.
"வரலேங்கியதும் பூஜ்யமும் ஒண்ணா?"
கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஏலத்துக்குப் போய்விட்டார்.

ராத்திரி நிரலில் ஒரு வரி மாற்றினேன்.
பூஜ்யம் விழுந்த இடத்தில் எல்லாம்
இனி 'தெரியாது' என்று வரும்.
ஈரத்தில் மினுங்கும் கணவாயின் முதுகிலும்
அங்கங்கே அதே சொல் வருகிறது.
அதற்கு என்ன செய்வதென்று இன்னும் புரியவில்லை.
பெல்ட் காலை ஐந்தரைக்கு ஓடும்.