நுகர்பொருட்கள், பத்தி நான்கு

விண்ணப்பம் எழுதிய வருடம்
டொலர் நூற்றி எண்பத்திரண்டு.
கடிதம் வந்து சேர்ந்த காலை
முந்நூற்று அறுபது.
நடுவில் ஒரு குழு கூடியது,
கோரமில்லாமல் இருமுறை கலைந்தது,
தலைவர் ஓய்வுபெற்றுப் போனார்.
"மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்" என்கிறது கடிதம்.
கேட்டதில் நாற்பது வீதம்.
திருத்திய வரவுசெலவு மூன்று பிரதிகளில்
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

கின்சி வீதியில் மழை.
ஏசி ஒழுகுமிடத்தில் ரிஸ்மினா பேசின் வைத்திருக்கிறாள்.
நான் அழிறப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நேர்முகத்தில் பொருளியல்காரர் ஒருவர்,
நல்ல மனுஷன்தான், கேட்டார்:
டீ.என்.ஏ தெரியும், அதென்ன ஆர்.என்.ஏ?
அது காணி உறுதி, சேர்,
அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.
இது கடைக்கு அனுப்புகிற துண்டு.
சீனி அரைக்கிலோ, தேயிலை நூறு, நெருப்புப்பெட்டி ஒன்று.
சாமான் வந்ததும் கசக்கி எறிந்துவிடுவோம்.
"அப்ப, எறியிற துண்டைப் படிக்கவா இவ்வளவு காசு?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சிரித்ததில் சொல்ல விட்டுப்போனது:
டெங்குவிடம் உறுதியே இல்லை.
நுளம்பின் எச்சிலில்
ஒரு துண்டோடு மட்டும் வந்து
நம் அடுப்பிலேயே தனக்குச் சமைக்கச் சொல்லும்.
அடுப்பு ஆரென்று கேட்பதில்லை.

எதை அழிப்பது?
மாநாட்டுப் பயணம், அது முதலிலேயே போயிற்று.
வரிசை வாசிக்க சிங்கப்பூருக்கு அனுப்பும் செலவு, அழித்தேன்.
ரிஸ்மினாவின் ஆறாம் மாதத்துக்குப் பிந்திய சம்பளம்.
அந்த வரியில் றப்பர் நின்றது.
கையுறை எண்பது பெட்டி, இருபதாக்கலாமா?
இதற்கு விரல்தான் எமன்.
தொட்டால் போதும்,
தோலில் ஊறும் நொதி எழுத்தெழுத்தாய்த் தின்றுவிடும்.
அறுபது என்று எழுதினேன்.

பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில்
ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லாமல்
மைனஸ் எண்பது மைனஸ் அறுபத்தொன்றாகிய இரவு,
நானும் இந்துனிலும்
இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்களை
ரெஜிஃபோம் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு
ஐஸ்கிரீம் கம்பனியின் பின்வாசலில் நின்றோம்.
காவலாளி டோர்ச் அடித்தான். "மீனா?"
"காய்ச்சல்" என்றான் இந்துனில்.
அவன் இரண்டடி பின்னால் போனான்,
பிறகு கதவைத் திறந்தான்.
உலர்பனிக்கட்டி இருபது கிலோ.
அதற்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று
கணக்காளர் இன்றும் கேட்கிறார்.

போன கிழமை பொரளையில் ஏறிய ஓட்டோ.
சாரதி கண்ணாடிக்குள் என்னையே பார்த்தார்.
"மகள்ட ரத்தம் நீங்கதானே எடுத்தீங்க, மிஸ்?
ஏழாம் கட்டில்."
அவள் இப்போது வலைப்பந்து ஆடுகிறாளாம்,
முழங்கால் எப்போதும் காயமாம்.
"அதுல என்னதான் இருந்திச்சு?"

நாலாம் நாள், காய்ச்சல் இறங்குகிற நேரம்.
அந்த இடத்தில் சிலர் எழும்புவார்கள்,
சிலர் சரிவார்கள்.
எவர் எதுவென்று முந்திய இரவே
துண்டில் எழுதியிருக்கும் என்பது என் ஊகம்.
ஊகத்துக்குத்தான் விண்ணப்பம்.
"இன்னும் வாசிக்கல்ல" என்றேன்.

கலர்லைட் சிவப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மீற்றர் முந்நூற்று நாற்பது.
நானூறு நீட்டினேன்.
மிச்சம் அறுபதை எண்ணித் தந்தார்.

இன்று வியாழன்.
சிங்கப்பூர்ச் செலவைத் திரும்ப எழுதிவிட்டேன்,
ஐந்து குழாய்களுக்கு மட்டும். எதில் பிடித்து என்று கேட்காதீர்கள்.
ஏழாம் கட்டில் அதில் ஒன்று.
"நிதியாண்டுக்குள் எதிர்பார்க்கும் விளைவு"
என்ற கட்டம் நெருப்புப்பெட்டி அளவு.
அதற்குள் நீளமாய் ஏதோ எழுதி, வெட்டி,
"வாசிப்பது" என்று போட்டு ஒப்பமிட்டேன்.

பீடாதிபதியின் முத்திரைக்கு மை காய்ந்துவிட்டதாம்.
நாளைக்கு வரச் சொன்னார்கள்.