உயிர் மூன்று, கொன்றது மூன்று

கண்ணாடிக் குப்பிகள் மட்டும் கொண்டுவந்தேன்.
மூடிக்கு ஈயத்தாள்.
கையுறை இல்லை, முகத்துக்குக் கிறீம் இல்லை,
காலையில் தலைக்குக் குத்திய கிளிப்பையும்
வட்டுவாகல் பாலத்தடியில் கழற்றி
சைக்கிள் கூடைக்குள் போட்டுவிட்டேன்.
தேடி வந்த பொருளை
நானே கொண்டுபோய்ச் சேற்றில் கலந்துவிடக் கூடாது.

எமிலியாம்பிள்ளை சிரித்தார்.
அவருடைய தோணியில் தண்ணீர் இறைப்பது
பாதியாய் வெட்டிய எண்ணெய்க் கான்.
காலில் பாட்டாச் செருப்பு,
வலை நெடுக மிதவை,
வெயிலுக்குத் தலைக்கு மேல் நீலத் தறப்பாள்.
"என்னை எங்க பிள்ளை
கழட்டி வைக்கப் போறாய்?"

கண்டல் வேர்களைத் தாண்டி
முழங்கால் ஆழத்தில் குழாயை இறக்கினேன்.
மேலே ஒரு விரற்கடை மண்ணிறம்,
கீழே கறுப்பு. கூழ்முட்டை நாற்றம்.
அங்கே காற்று இல்லை.
அங்கேதான் அவை இருக்கின்றன.

ஒரு சாண் போனதும் எதிலோ முட்டியது.
இழுத்தால் தறப்பாள் துண்டு.
வெள்ளையாய் இருந்திருக்கலாம்.
ஓரத்தில் ஒரு பித்தளை வளையம்,
வளையத்தில் அவிழாத கயிறு.
எமிலியாம்பிள்ளை முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கடற்காரன் கட்டினதில்லை.
இது வயல்காரன்ர கட்டு."
அலசி, என் கையில் தந்தார்.
எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.

அது மடியவில்லை. அப்பளம்போல முறிந்தது.
பிளாஸ்ரிக்கை வளையச் செய்கிற எண்ணெய்
அதோடு கட்டுப்பட்டதல்ல,
இடுக்கில் ஒண்டியிருப்பது.
வெயில் கூப்பிட்டாலும் போகும், அலை கூப்பிட்டாலும் போகும்.
தண்ணீரில் தங்காது.
சேற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்,
இறால் மேய்கிற இடத்தில்.

ஆய்வுகூடத்தில் ஆறு குப்பி.
மூன்றில் சேற்றை அப்படியே விட்டேன்.
மூன்றை அமுக்க நீராவியில்
மூன்று நாள், நாளுக்கு ஒருதரம் அவித்தேன்.
லேபல் எழுதினேன்:
உயிர். உயிர். உயிர்.
கொன்றது. கொன்றது. கொன்றது.
எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தாலேற்று,
ஒரே இருட்டு.

முதலில் ஒரு கையை வெட்டுகின்றன.
பிறகு மற்றக் கையை.
நடுவில் எஞ்சும் வளையம் இறுக்கமானது,
ஒரு சாதி தனியே நின்று திறக்காது.
ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்து
அது துப்பியதை வேறொன்று தின்று
கடலின் சல்பேற்றை மூச்சாய் இழுத்து
கூழ்முட்டை நாற்றத்தை மூச்சாய் விட்டு
அவசரமே இல்லாமல்.

நூற்றுப்பத்து நாள்.
உயிர் ஒன்றில் அரைவாசி போனது.
உயிர் இரண்டில் கால்வாசிதான் மிச்சம்.
உயிர் மூன்று ஏனோ அசையவில்லை,
இன்னும் காரணம் தெரியாது,
அறிக்கையில் அதற்கு ஒரு பந்தி எழுதிப் பிறகு வெட்டினேன்.

தோணிக்கூலி வாங்க வந்த அன்று
எமிலியாம்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு
குப்பிகளை ஒவ்வொன்றாய் வாசித்தார்.
நான்காவதில் நின்றார்.
"இதென்ன, கொன்றது?"
"சேறு. உயிரில்லாட்டி என்ன நடக்குமெண்டு பார்க்க."
"என்ன நடந்தது?"
"ஒண்டும் நடக்கேல்லை."
"எல்லாம் கிடந்தபடி கிடக்குதோ?"
"கிடந்தபடி."

"ஓம்," என்றார்.
கூலியை எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.
நூறு ரூபாய் கூட என்று சொல்லி
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மூன்று லேபலையும் உரித்து
அவித்தது என்று மாற்றி எழுதினேன்.
வெற்றுக் குப்பி என்று ஒன்று உண்டு,
சுத்தமான தண்ணீர் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க.
அதிலும் கொஞ்சம் தாலேற்று காட்டியது.
கிளிப் இல்லை, கிறீம் இல்லை, கையுறை இல்லை.
காற்றிலிருந்து வந்திருக்கலாம். என்னிலிருந்தும்.

கயிறு தட்டில் இருக்கிறது.
நைலோன், அதை அவை தின்னா.
சில வேளை நகத்தால் நெண்டிப் பார்ப்பேன்.
நல்ல இறுக்கமாய்க் கட்டியிருக்கிறான்.
மழைக்கோ, காற்றுக்கோ,
உள்ளே யாரோ படுத்திருந்திருக்க வேண்டும்.