ஒரு பேசின் தண்ணீர்

கரும்புக் காட்டுக்கு நேற்றிரவு தீ வைத்தார்கள்.
விடிந்து பார்த்தால் வண்டி முழுக்கக் கரி.
கூரையில், கண்ணாடியில்,
முந்தாநாள் பூபாலன் மெழுகு போட்ட மூக்கில்,
நீள நீளமாய், தொட்டால் மையாய் இழுபடும் கரி.
டோங்காட்டில் நாங்கள் இதைக் கறுப்புப் பனி என்போம்.
துணி காயப்போட்டவர்கள் சொல்லும் பெயர் வேறு.

துடைக்காதீர்கள் என்றேன்.
அதற்குள் சட்டைக் கையால் ஒரு கோடு இழுத்துவிட்டார்.
கரிக்குள் மணல் இருக்கும்.
வெள்ளைப் பூச்சில் பூனை கீறினதுபோல்
அந்தக் கோடு இனி எங்களோடு ஊர் ஊராய் வரும்.
தண்ணீர் விட்டுத்தான் இறக்கவேண்டும்.

தண்ணீர்.

வெள்ளம் அடித்துக்கொண்டு போன குழாய்களில்
எங்கள் தெருவின் குழாயும் ஒன்று.
திறந்தால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
செவ்வாயும் வெள்ளியும் முனைக்கு லாரி வரும்,
வீட்டுக்கு நாலு வாளி.
சனிக்கிழமை மலைக்குப் புறப்படுகிறோம்.
இப்படியே போகலாம் என்கிறார் பூபாலன்,
இந்த நேரத்தில் வண்டியைக் கழுவினால்
தெருவே நம்மைக் கழுவி ஊற்றும்.

முப்பத்து நாலு வருஷம் வார்டில் இருந்தவள் நான்.
ஆறடி ஆளை
ஒரு பேசின் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறேன்,
மெத்தை நனையாமல்.

முதலில் கண்.
கண்ணுக்குச் சோப்பு ஆகாது,
ஒரு கண்ணுக்குத் தொட்ட துணியை
மறு கண்ணுக்குத் தொடக்கூடாது.
ஹெட்லைட் இரண்டும் விழித்துக்கொண்டன.
பிறகு, கழுவும் இடம் மட்டும் திறந்திருக்க,
மற்றதையெல்லாம் பழைய பெட்ஷீட்டால் மூடினேன்.
அங்கே நோயாளிக்குக் குளிரும்,
இங்கே வெயிலில் சோப்பு காய்ந்து வடுவாகும்.
காரணம் வேறு, போர்வை ஒன்றுதான்.

ஈரத்துண்டை விரித்துப் போட்டுக்
கரி ஊறும்வரை பேசாமல் இருந்தேன்.
தூக்கு, இழுக்காதே.
படுக்கைப் புண் வராமலிருக்க
புதிதாய் வந்த பெண்களுக்கெல்லாம்
நான் கத்திக் கத்திச் சொன்ன வாக்கியம்,
சட்டைக் கைக்காரருக்கும் ஒருமுறை சொன்னேன்.
அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு
செருப்பைப் பார்த்தார்.

கூரையில் ஜன்னலைச் சுற்றிய ரப்பர் பசை
தையல் விட்ட காயம்போல் பிளந்திருந்தது.
கட்டைவிரலால் அமுக்கினேன்.
ஓரிடத்தில் பொதபொதத்தது.
எத்தனை மழையை உள்ளே வைத்திருந்தாயோ,
ஒரு வார்த்தை சொல்லவில்லையே.
சுத்தம் செய்ய ஏறாவிட்டால்
சீழ் கோத்தபின்தான் தெரிந்திருக்கும்.

எதிர்வீட்டுத் திரை அசைந்தபடியே இருந்தது.
கடைசியில் நோசிபோ வந்தாள், கையில் வாளி.
திட்டத்தான் வருகிறாள் என்று
பூபாலன் ஏணியை விட்டுவிட்டுக்
கேட்டுப் பக்கம் போனார், என்னை மேலே வைத்துவிட்டு.
அவள் வாளியை இறக்கினாள்.
பிள்ளைகளின் யூனிஃபார்ம் அலசின கடைசித் தண்ணீர்.
சக்கரத்துக்குப் போதாதா என்றாள்.
அண்ணாந்து என்னையும் பார்த்தாள்,
இவளுக்கு இந்த வயதில் என்ன கேடு என்று
முகத்திலேயே எழுதியிருந்தது.
அந்த வண்டிக்குள் தொட்டி இருக்கிறதாமே, எவ்வளவு பிடிக்கும்?
நூறு லிட்டர் என்றார் பூபாலன்.
மலையில் தண்ணீர் இருக்கும், நிரப்பிக்கொண்டு வாருங்கள்.
கேட்கவில்லை, எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுபோல்
சொல்லிவிட்டுப் போனாள்.

சக்கரங்களுக்கு அந்தத் தண்ணீர்
தாராளமாய்ப் போதுமாயிருந்தது.
கறுத்துப்போன பேசினையும் கொட்டவில்லை.
கக்கூஸுக்கு இரண்டு நாள் தாங்கும்.

பொழுது சாய்கிறது.
இடப்பக்கம் முடிந்தது, வலப்பக்கம் பாதி.
வார்டில் ஒருவரைப் புரட்டுமுன்
நினைவு இருக்கிறதோ இல்லையோ,
உயிர் இருக்கிறதோ இல்லையோ,
காதருகே சொல்லிவிட்டுத்தான் புரட்டுவேன்.
பழக்கம் விடவில்லை.
இப்போது உன் முதுகு என்கிறேன் வண்டியிடம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
புதிதாய் ஒரு புகை எழும்புகிறது.
பூபாலன் புகையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.
நான் துணியைப் பிழிகிறேன்.