முப்பது டிகிரி

"பெராப்பா கிலோ, கக்?" என்றான் ஹஃபிஸ்.
பர்மா ரோட்டில், மாடிக் கடை.
காற்றாடிக் காற்றில் சுவர் முழுக்கப் பட்டைகள்
பல்லி வாலாய் ஆடின.
அறுபத்தெட்டு என்றேன்.
சொல்லி முடிக்கும்போதே உறைத்தது.
துணிக்கடையில் சொல்லலாம் இதை,
நம்மைத் தாங்கப் போகிற ஒன்றிடம் சொல்லலாமா?
எழுபத்தாறு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. நல்ல பையன்.

மூன்றை எடுத்து மேசையில் போட்டான்.

கிளிப்பச்சை நைலான், இருபத்தொன்பது வெள்ளி.
வெயிலில் சொன்ன பேச்சைக் கேட்கும்.
நனைந்தால் நீளும்.
கண்ணயர்ந்த நேரம் பார்த்து
இடுப்பை மணலில் கொண்டுபோய் வைக்கும்.
தெலுக் பஹாங்கில் மழை
கேட்டுக்கொண்டா வருகிறது?

அடுத்தது பின்னல் கயிறு, குச்சி ஐஸ் குச்சியைவிட ஒல்லி.
உள்ளங்கையில் வைத்தானா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.
லாரியை இழுக்குமாம்.
இழுக்கட்டும்.
மரத்தைச் சுற்றினால் மரத்தை அறுக்குமே.
அதற்குத் தனியாய் ஓர் அகலத் துண்டு,
அதற்குத் தனியாய் ஒரு விலை.

மூன்றாவது பாலியெஸ்டர்.
கறுப்பு, ஓர் அங்குல அகலம்,
சோடி இருநூற்றுப் பத்து கிராம் என்றது அட்டை.
வரிசையாய்த் தைத்த கண்ணிகள்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு எனக்கு.
அறுகிறவரை இழுக்கும் மெஷின் ஒன்று,
எங்கே அறுந்தது என்று எழுத நான்.
பதினோரு வருஷமாய் எழுதியதில் தெரிந்தது:
நடுவில் அறுபவை குறைவு.
தையல் முடியும் இடத்தில்,
முடிச்சு தொடங்கும் இடத்தில்.
ஆகவே அட்டையை விட்டுவிட்டு
கண்ணி கண்ணியாய் நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
ஒரு நூல்கூட வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாவு தராசில் வைத்தால்
இருநூற்று நாற்பத்தாறு.
எடை சொல்வதில் நீயும் நானும் ஒரே ரகம் என்று
அதனிடம் சொன்னேன்.
பல்துலக்கியை ஏற்கெனவே பாதியாய் வெட்டியிருந்தேன்.
இப்போது சீப்பையும் எடுத்து வெளியே வைத்தேன்.

பிறகு கணக்கு, பேங்க் கடித உறையின் முதுகில்.
முப்பது டிகிரிச் சரிவில் தொங்கவிட்டால்
இரண்டு மரம், ஒரு நான்,
பக்கத்துக்கு முப்பத்தெட்டு வராது.
பக்கத்துக்கு எழுபத்தாறு.
முழுசாய் நான் இங்கே, முழுசாய் நான் அங்கே.
துணிக்கொடி மாதிரி விறைப்பாய் இழுத்து
பத்து டிகிரிக்குக் கட்டினால்
பக்கத்துக்கு இருநூற்றைத் தாண்டும்.
பாதிப் பாதி கட்டிக்கொள்வோம் என்று
வீட்டுக் கடனைச் சொல்லிவிட்டுப் போன தவனேசனுக்கு
இந்த உறையை அனுப்பலாமா என்று தோன்றியது.
அனுப்பவில்லை. உள்ளே கடிதம் இருந்தது.

கெராச்சுட் கடற்கரை.
தென்னையை விட்டு, காய் விழாத இரண்டு மரம்.
மரத்துக்கும் பட்டை, கையிலும் பட்டை,
ஒரே சொல் இரண்டுக்கும்;
ஒன்றை ஒன்று கடிக்காமல் சுற்றினேன்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரித்துச் சரிவு பார்த்தேன்.
முதலில் ஒரு கை. பிறகு முழங்கை.
பிறகுதான் உட்கார்ந்தேன்,
பஸ்ஸில் அடுத்தவர் இடத்தில் உட்கார்வதுபோல.
விரற்கடை இறங்கியது. நின்றது.

மூன்று மணிக்கு மழை.
மரத்தில் வழிந்த நீர் பட்டை வழியே
தலைமாட்டை நோக்கி ஊர்ந்து வந்தது.
ஷூ கயிற்றுத் துண்டு ஒன்றைக் குறுக்கே முடிந்தேன்.
நீர் அதைப் பிடித்துக் கீழே இறங்கிப் போனது,
சொன்னால் புரிகிற பிள்ளைதான்.
பட்டை நீளவில்லை.
நான் தூங்கினேன், எழுபத்தாறும்.

காலையில் குரங்கு ஒன்று
மைலோ பொட்டலத்தோடு போய்விட்டிருந்தது.
அவிழ்த்தபோது மரத்தில்
ஓர் அங்குல அகலத்துக்கு நனையாத கோடு.
கை வைத்துப் பார்ப்பதற்குள்
மேலிருந்து சொட்டி
அதுவும் ஈரமானது.